குளியலறைச் சுவருக்கு வளைகாப்பு

வடக்கு வாய்க்கால் தெருவில் பால்வண்ணம் அண்ணாச்சி வீட்டுக் குளியலறைச் சுவர் முழுகாமல் இருக்கிறது என்று கொத்தனார் சூசை சொன்ன அன்று எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட எங்கே நேரம் இருந்தது? அதற்குக் காரணம் யார் என்று கண்டுபிடிக்கிற பொறுப்பு உடனே எங்கள் தலையில் வந்து விழுந்துவிட்டது. தெரு என்று இருந்தால் இதற்கெல்லாம் ஓடித்தானே ஆகவேண்டும்.

சூசையை அந்தச் சுவரிடம் கூட்டிவந்தது ஒரு கல்யாணம். அண்ணாச்சியின் மகன் சைலப்பனுக்குப் பெண் பேசி, பெண் வீட்டார் வந்து, கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டு, காப்பி குடித்து, எங்களுக்கு எல்லாம் பிடித்திருக்கிறது என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டார்கள். அண்ணாச்சியின் தாத்தா காலத்தில் பூசிய சுண்ணாம்புக் காரை அது. மேலே உப்புப் பூத்து, கீழே ஓதம் ஏறி, இடுப்புயரத்தில் பொருமிக்கொண்டு நின்றது. குளிக்கிறவர் தோளில் அவ்வப்போது ஒரு சில்லு விழும். அந்த வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, தட்டிவிட்டுக் குளிப்பார்கள். சம்பந்தி மட்டும் ஈரக் கையைத் தன் கைக்குட்டையிலேயே துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எங்க பொண்ணு அட்டாச்டு பாத்ரூம்லயே வளந்தவ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

அதன்பிறகு திட்டம் தானாகவே உருவானது. பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு பூசி, தலை உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி, மகன் அறையிலிருந்து குளியலறைக்குள் ஒரு வாசல் திறந்து, நடைப் பக்கம் இருக்கிற பழைய வாசலை அடைத்துவிடுவது. அடைத்த இடத்தில் மருமகள் கொண்டுவரும் பீரோ நிற்கும். மற்றவர்களுக்கு வீட்டின் பின்பக்கம் இன்னொரு குளியலறை ஷீட் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். கணக்கெல்லாம் சரியாகவே வந்தது. அந்த நடையில் படுத்துக்கொண்டிருந்த ஆவுடையக்காவை எங்கே போடுவது என்பது மட்டும்தான் கணக்கில் வரவில்லை.

ஆவுடையக்கா அண்ணாச்சிக்கு மூத்தவள். அந்த வீட்டிலேயே பிறந்து அந்த வீட்டிலேயே ஐம்பது வயதைத் தாண்டியவள். செவ்வாய் தோஷம் என்று அவள் ஜாதகத்தைக் கொண்டு போனவர்கள் எல்லாம் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது அறையைக் கொடுத்தாள், தம்பி மகன் வளர்ந்தபோது பட்டாசலைக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே இருந்த இடத்தைக் கொடுத்தாள், கடைசியில் ஒரு டிரங்குப் பெட்டியோடும் கோரம்பாயோடும் குளியலறை வாசலை ஒட்டிய நடைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ராத்திரி எழுந்து போகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். பகலில் பாயைச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்துவிட்டால் அவள் அங்கே இருக்கிறாள் என்றே தெரியாது.

அந்த வீட்டில் ஆவுடையக்கா உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு குளியலறைக் கதவு ஒன்றுதான். மத்தியானம் எல்லோருக்கும் சோறு போட்டு, ஏனம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அந்தப் பொருமிய சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வேறு ஒன்றும் செய்யமாட்டாள். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி சம்சாரம் சண்முகவடிவு வந்து கதவைத் தட்டுவாள்.

"மதினி, குளிக்கியளா, உறங்குதியளா?"

"குளிக்கேன், வடிவு" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஒரு செம்புத் தண்ணீரைச் சத்தம் கேட்கும்படி தரையில் ஊற்றுவாள். இது பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

வாசலை அடைக்கிற பேச்சு வந்தபோது அண்ணாச்சி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டு, "குற்றாலத்துப் பக்கம் ஒரு இல்லம் இருக்காம்க்கா. நல்ல காத்து. நேரா நேரத்துக்குச் சாப்பாடு. ஒத்த ரூம்ல ஆறு பேருதான்" என்றார். ஆவுடையக்கா அவர் குடித்துவைத்த டம்ளரை எடுத்துக்கொண்டே, "சுவத்து வேலை முடியட்டும் தம்பி" என்றாள்.

அப்படித்தான் சூசை வந்தான். சூசைக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டு. பூச்சு வேலையில் தனக்கு மேலே மாதாகோயில் கோபுரம் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லுவான். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கரண்டிக் காம்பால் சுவரை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தான். மேலே டொக் டொக் என்றது, பக்கவாட்டில் டொக் டொக் என்றது, பொருமிய இடத்தில் தட்டியபோது உள்ளேயிருந்து திருப்பித் தட்டியது. சூசை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்டான். பிறகு கைகால் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

"அண்ணாச்சி, நான் கை வைக்க மாட்டேன். பிள்ளத்தாச்சிச் சுவரு. ஏழு மாசம் இருக்கும்."

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிவிட்டு, "கல்யாணத்துக்கு முன்னால பெத்துருமா?" என்று கேட்டார்.

"பாப்போம். தலப்பிள்ள கொஞ்சம் முந்தப் பிந்த ஆகும்."

செய்தி தெருவுக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். பெண்கள் வயிற்றைப் பார்த்தார்கள், அதாவது பொருமலைப் பார்த்தார்கள். இறங்கியிருக்கிறது, இறங்கவில்லை, பெண்ணாக இருக்கும், ஆணாக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆண்கள் வெளியே நின்று மேலே பார்த்தார்கள். மேலே, பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கைலாசம் சார் வீட்டு மொட்டை மாடியில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி ஒன்று ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் ஒரு கீறல், கீறலிலிருந்து ஒரு கசிவு, கசிவு இறங்கிப் போன தடம் பச்சையாகப் பாசி பிடித்து நேராக அண்ணாச்சி வீட்டுச் சுவருக்குள் போய் மறைந்தது. இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்?

கைலாசம் சார் கதர்த் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். "நாற்பதாண்டுக் காலம் ஒழுக்கம் கற்பித்தவன் நான். என் தொட்டி அப்படிப்பட்ட தொட்டி அன்று" என்றார்.

"கசிஞ்சது யாரு தண்ணி, சார்?" என்று சண்முகவடிவு கேட்டாள்.

"மழையாக இருக்கலாம். வாய்க்காலாக இருக்கலாம். உங்கள் வீட்டுக் குழாயாகவே இருக்கலாம். அந்தச் சுவர் எத்தனை பேருடைய தண்ணீரைப் பார்த்ததோ."

இந்தச் சொல்லைச் சொன்னது பெரிய தப்பாகப் போயிற்று. அதுவரை ரிப்பேர் செலவு தன் தலையில் விழாமல் இருந்தால் போதும் என்று இருந்த அண்ணாச்சிக்கு இப்போது மானப் பிரச்சினை வந்துவிட்டது. தன் வீட்டுச் சுவரை ஒரு ஆள் நடுத்தெருவில் நின்று இப்படிப் பேச, அதைக் கேட்டுக்கொண்டு எந்த முகத்தை வைத்துக்கொண்டு மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறது? பிள்ளையார் கோயில் மண்டபத்தில் தெரு கூடியது. பேசிப் பேசி, கல்யாணம் பண்ணிவைத்துவிடுவது என்று முடிவாயிற்று. கைலாசம் சாரும் கடைசியில் ஒத்துக்கொண்டார். தொட்டியை இடிக்கச் சொல்லுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தவர் அவர்.

சுவருக்குச் சம்பந்தம் பேசி முடிக்க எங்களுக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. தடைகள் இல்லாமல் இல்லை. பெண் சுண்ணாம்பு, மாப்பிள்ளை சிமெண்டு, இரண்டும் ஒட்டாது, எங்கேயாவது கலந்து பார்த்திருக்கிறீர்களா என்று பெரியவர் ஒருவர் எழுந்து சாதியை இழுத்தார். இரண்டுக்கும் ஒரே ஆற்று மணல்தானே என்று சொல்லி அவரை உட்காரவைத்தோம். பெண் மாப்பிள்ளையைவிட மூன்று தலைமுறை மூத்தவள் என்றார்கள். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றோம். ஜாதகம் பார்க்கவேண்டாமா என்று ஒருவர் கேட்டபோது, ஏழு மாசத்துக்குப் பிறகு என்ன ஜாதகம் வேண்டிக்கிடக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து அவர் வாயை அடைத்தோம். மண்டபத்தின் ஓரத்தில் எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது ஆவுடையக்காதான். அவள் ஜாதகத்தைச் சுமந்துகொண்டு நாங்கள் எத்தனை ஊர் போய் வந்தோம் என்பது அந்த நேரத்தில் எங்கள் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

நல்ல முகூர்த்தத்தில் தொட்டிக்குப் பட்டுத் துண்டு கட்டி, அங்கிருந்து மஞ்சள் கயிற்றை மாடி வழியாக இறக்கி, வென்டிலேட்டர் வழியாக உள்ளே விட்டு, சுவரிலிருந்த குழாயின் கழுத்தில் மூன்று முடிச்சு போட்டோம். கெட்டிமேளம் செல்போனில் அடித்தது. அன்றுமுதல் அது மரியாதைப்பட்ட சுவராகிவிட்டது.

பிள்ளைத்தாய்ச்சிச் சுவருக்கு வெந்நீர் ஆவி ஆகாது, சோப்பு வாடை ஆகாது என்று குளியலறையைப் பூட்டிவிட்டார்கள். வீட்டார் கைலாசம் சார் வீட்டில் குளித்தார்கள். அவர் இப்போது சம்பந்தி, மறுக்க முடியாது. ஆவுடையக்கா மட்டும் வீட்டின் பின்பக்கம் இரண்டு சேலையைக் கட்டி மறைப்பு வைத்து, சேலை காற்றில் தூக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் அள்ளி ஊற்றிக்கொண்டாள். அங்கே சாய்ந்துகொள்ளச் சுவர் கிடையாது, போட்டுக்கொள்ளத் தாழும் கிடையாது. மத்தியான வேளையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பூட்டிய கதவின் முன்னால் வந்து நின்றுவிட்டு, நினைவு வந்து திரும்பிப் போவாள். சுவரைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்டால், ஆவுடையக்கா பட்டாள். இவ்வளவு நாள் தன் முதுகைத் தாங்கிய சுவர், அதை இப்போது தெருவே தாங்கிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் சுவருக்கு மசக்கை. இன்னார் வீட்டு மாங்காய் ஊறுகாய், இன்னார் வீட்டுப் புளிக்குழம்பு என்று கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து சுவரோரத்தில் வைத்தோம். கதவைச் சாத்திவிட்டுத் திறந்தால் கிண்ணம் காய்ந்துகிடக்கும். தன் குழம்பைச் சுவர் மிச்சம் வைத்துவிட்டது என்று ஒருத்தி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். சொந்த மருமகளுக்குப் பேறுகாலத்தில் பழைய சோறு ஊற்றியவர்கள் சுவருக்குக் குங்குமப்பூ பால் கரைத்துக்கொண்டு வந்தார்கள். சுவரும் முகம் கோணாமல் எல்லாவற்றையும் குடித்து, நாளுக்கு நாள் பெருத்து, கடைசியில் கதவைப் பாதிதான் திறக்க முடியும் என்கிற நிலைக்கு வந்தது.

பிறகு வளைகாப்பு. குழாய், துண்டு போடுகிற கம்பி, ஷவர் என்று கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த எல்லாவற்றிலும் கண்ணாடி வளையல் போட்டு, பொருமலில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, தெருப் பெண்கள் முறை வைத்து உள்ளே போய் நலங்கு இட்டார்கள். பாதி திறந்த கதவில் ஒவ்வொருத்தியும் பக்கவாட்டில் நுழைந்து வந்தாள். நாலு நாளாகக் கல்லுரலும் அடுப்புமாக நின்று ஏழு வகைச் சாதமும் கிளறியவள் ஆவுடையக்கா. அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றபோது, சண்முகவடிவு தாழ்ந்த குரலில், அதிலும் பிரியமாகவே சொன்னாள்.

"மதினி, நீங்க வேண்டாமே. நாலு பேரு நாலு சொல்லுவாவ. சுவத்துக்கு ஒண்ணுன்னா நம்மதான பாக்கணும்."

ஆவுடையக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் அழுதாள். தாளிக்கிற புகை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம், அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

எல்லோரும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனபிறகு, சிந்திய சந்தனத்தையும் மிதிபட்ட பூவையும் கழுவிவிட வேண்டியிருந்தது. கழுவுகிறது என்றால் அதற்கு அவள் ஆகும். உள்ளே போனவள் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய இடத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பொருமலில் முதுகைச் சாய்த்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை அவள் முதுகில் விழுந்தது. ஆவுடையக்கா வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, கேட்கத் தெரியாதவள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அன்று அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த இடத்தைத் தடவிக்கொடுத்து, "வரும்போது ஒரு தாழ்ப்பாளோட வா, தாயி" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், இட்லி வேகிற நேரத்தில், சுவருக்கு வலி கண்டது. சூசைக்கு ஆள் போனது. அவன் புதுத் துண்டு ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு, வெந்நீர் கேட்டு, ஆண்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு உள்ளே போனான். தான் ஆண் என்பதை அவனும் மறந்துவிட்டான், நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் வளையல் குலுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பழைய காரை முழுவதும், கொடியில் காய்ந்த சேலை நழுவி விழுகிற மாதிரி, தூசி கிளப்பாமல் ஒரே படலமாக இறங்கித் தரையில் மடிந்தது. சூசை வெளியே வந்து நெற்றியைத் துடைத்தான்.

"ரூம் பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் சுகம்."

நாங்கள் எட்டிப் பார்த்தோம். காரை இருந்த இடத்தில் பச்சை பெயிண்ட் அடித்த சின்னக் கதவு ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் ஒரு அறை, ஈரம் காயாத வெள்ளைச் சுவர், வழவழவென்று சிவப்புத் தரை, ஒரு பாய் விரித்து ஒரு பெட்டி வைத்தால் மிச்சம் நடக்க இடம் இருக்கும். ஒரு சன்னலும் இருந்தது. எங்கள் தெருவில் எந்தச் சன்னலைத் திறந்தாலும் எதிர் வீட்டுச் சுவர்தான் தெரியும். அந்தச் சன்னலில் நாற்று நட்ட வயலும் வரப்பில் ஒற்றைப் பனையும் தெரிந்தன, காற்று வந்தது. கைலாசம் சார் ஓடிப்போய்த் தன் வீட்டை அளந்து பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அடுப்படி ஒரு விரற்கடை குறையாமல் அப்படியே இருந்தது, அலமாரியில் கடுகு டப்பாகூட அசையவில்லை.

அளந்து முடித்ததும் அவருக்குத் தகப்பன் பாசம் வந்துவிட்டது. "முறைப்படி தாலி கட்டியாயிற்று. பிள்ளை தகப்பன் வீட்டைச் சேர்ந்தது. அந்த அறையை என் புத்தகங்களுக்கு வைத்துக்கொள்கிறேன். என் அடுப்படியிலிருந்து ஒரு வாசல் திறந்துகொண்டால் போதும்" என்றார்.

அறையைப் பார்த்த கணத்திலேயே மகனுக்கும் மருமகளுக்கும் என்று மனதுக்குள் கட்டில் போட்டுவிட்ட சண்முகவடிவுக்கு இது பொறுக்கவில்லை. கைலாசம் சாரை விரட்ட வேண்டும் என்கிற வேகத்தில், தெருவே நின்று கேட்க, அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"தாராளமாக் கொண்டுபோங்க சார். குளிக்கிற எடத்துல பொறந்த ரூமு. கக்கூஸ் வாடை படுற எடம். சாமி படம் மாட்டக்கூடாது, புஸ்தகம் சரஸ்வதி, அதையும் வைக்கக்கூடாது. பொங்கித் திங்கக்கூடாது. பேறுகாலத் தீட்டு வேற. அதுக்குள்ள காலை வைக்கிற குடும்பம் வெளங்குமா?"

கைலாசம் சார் அந்தக் கணமே பாசத்தைத் துறந்து வீட்டுக்குப் போய்க் குளித்தார். ஆனால் செய்தி கேட்டு அதற்குள் பிள்ளை பார்க்க வந்துவிட்டிருந்த, சைலப்பனுக்கு மாமனாராகப் போகிறவர் இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க பொண்ணை அந்த ரூமுக்கு விடமாட்டோம். நீங்களே சொல்லிட்டீங்க" என்றார். சண்முகவடிவு அதை மாற்றிச் சொல்ல வாயெடுத்தாள். ஊர் கேட்கச் சொன்னதை ஊர் கேட்காமல் எப்படித் திரும்ப வாங்குவது? அண்ணாச்சி வாடகைக்கு விடலாமா என்று கேட்டுப் பார்த்தார், தெருவில் ஒருவரும் குடிவர முன்வரவில்லை. குளியலறையை மகன் அறையோடு சேர்க்கிற யோசனையும் அத்தோடு போயிற்று. பெற்ற உடம்பில் யார் உளி வைப்பார்கள்? கடைசியில் கல்யாணம் முடிந்ததும் பெண் வீட்டாரே டவுனில் அட்டாச்டு பாத்ரூமோடு ஒரு வீடு பார்த்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அது பிந்திய கதை. அன்று காலையில் உடனே தீர்க்கவேண்டிய பிரச்சினை வேறு. பச்சைப் பிள்ளையையும் பெற்றவளையும் தனியாக விடக்கூடாது, தீட்டுக் கழிகிறவரை யாராவது ஒரு பெண் கூட இருந்து துடைத்து மெழுகிப் பார்த்துக்கொள்ள வேண்டும். புருஷன் உள்ளவள் போனால் அந்த வீட்டு ஆணுக்குத் தீட்டு. பிள்ளை உள்ளவள் போனால் பிள்ளைக்கு ஆகாது. விளக்கேற்றுகிறவள் போனால் சாமிக்கு ஆகாது. நாங்கள் ஒவ்வொருத்தியாகத் தள்ளிக்கொண்டே வந்தோம். எந்தச் சட்டத்தை வைத்து ஆவுடையக்காவை வளைகாப்பு வரிசையிலிருந்து விலக்கினோமோ, அதே சட்டம் எங்களை எல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே போகச் சொன்னது.

"மதினி, நீங்கதான் இருந்து பாக்கணும்" என்றாள் சண்முகவடிவு.

"சரி" என்றாள் ஆவுடையக்கா. நடையில் கிடந்த டிரங்குப் பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், குளியலறையைக் கடந்து பச்சைக் கதவுக்குள் போனாள். பித்தளைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

தீட்டு நாளெல்லாம் சோற்றுத் தட்டைக் கதவோரத்தில் வைத்துவிட்டு வந்தார்கள், கழுவிய தட்டு வெளியே வந்தது. ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்து வீடு முழுக்க மாவிலையால் தண்ணீர் தெளித்தார். தீட்டுக் கழிந்துவிட்டது, இனி வெளியே வரலாம். அண்ணாச்சி வந்து பச்சைக் கதவைத் தட்டி, "அக்கா, தீட்டுக் கழிஞ்சாச்சு. வெளிய வா. குற்றாலத்துல இருந்து போன் வந்துது, எடம் காலியாம்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். தாழ் திறக்கவில்லை. பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டார். தெருவில் பாதி அந்த நடையில் வந்து நின்றது. சண்முகவடிவு எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய், வழக்கமாகத் தட்டுகிற மாதிரியே தட்டினாள்.

"மதினி, குளிக்கியளா, உறங்குதியளா?"

கதவிடுக்கில் வயல் காற்று வந்துகொண்டிருந்தது. பிறகு உள்ளேயிருந்து ஆவுடையக்காவின் குரல், அவசரமில்லாமல், தண்ணீர்ச் சத்தம் எதுவும் இல்லாமல் வந்தது.

"உறங்குதேன், வடிவு."